மெஷினைக் கிளப்பும் முன் குவியலைப் பிரியுங்கள்

காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பக்கம், தோப்புக் குப்பை வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக வந்து விழும். மாசி, பங்குனியில் சருகு. வேம்பு, தேக்கு, புங்கன், புளி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும், விடியற்காலையில் கூட்டிய வாசல் பத்து மணிக்குப் பார்த்தால் கூட்டாத மாதிரியே கிடக்கும். அப்புறம், பெங்களூரா, நீலம் ரக மாங்காயெல்லாம் இறங்கி வியாபாரி கணக்கு முடித்துப் போனபிறகு, ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் மாமரக் கவாத்து. அப்போது விழுவது கிளை, பச்சை இலை, மிலாறு, காய்ந்த கொம்பு எல்லாம் கலந்த ஒரு மலை.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று நினைத்தது. கடைக்காரர் காட்டிய காற்று ஊதும் ப்ளோயரைப் பார்த்து மயங்கி வாங்கி வந்துவிட்டேன். சருகை அது அழகாகத் தள்ளியது, எங்கே தள்ளுவது என்றுதான் நான் யோசிக்கவில்லை, கடைசியில் அரை ஏக்கர் சருகு பக்கத்துக் காட்டு வேலியில் போய்ச் சேர்ந்து, அந்த மாமாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. கிளைக் குவியலுக்கோ ப்ளோயர் ஒரு பைசாவுக்கு ஆகவில்லை. அதனால் மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குவியலைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

கவாத்து வெட்டும்போதே, ஆள் கிளையை இழுத்துப் போடும்போதே, நான்காகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். சருகும் பச்சை இலையும் ஒரு பக்கம். விரல் மொத்தத்துக்குள் இருக்கிற மிலாறு ஒரு பக்கம். அதற்கு மேல் கை மணிக்கட்டு மொத்தம் வரை ஒரு பக்கம், அடி மட்டை, அதாவது வெட்டின தடித்த முனை, எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி. மணிக்கட்டைத் தாண்டியது விறகு, அதை எந்த மெஷினிலும் விட வேண்டாம், அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் அல்லது விறகுக்காரரிடம் போட்டுவிடுங்கள். பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரே குவியலாகப் போட்டால் முடிந்தது, பின்னிக்கொண்ட கிளையைப் பிரித்து இழுக்கிற வேலைக்கே இரண்டு ஆள் கூலி போய்விடும், வாடகை மெஷின் பக்கத்தில் சும்மா நிற்கும், அதற்கும் மணிக்கணக்கில் காசு.

ஐந்தாவதாக ஒரு சின்னக் குவியலும் வேண்டும். தண்டு துளைப்பான் விழுந்து ஓட்டையிலிருந்து தூள் கொட்டுகிற கிளை, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிற கிளை, பூங்கொத்து உருமாறிக் கட்டியாகிப் போனது, இதெல்லாம் அதில் போகட்டும். இதைத் தூளாக்கித் திரும்பவும் மரத்தடியில் போட்டால் வியாதியை நாமே விதைத்த மாதிரி. இது விறகு அடுப்புக்கு மட்டும்தான், அதுவும் வருஷக்கணக்கில் அடுக்கி வைக்காமல் சீக்கிரமே எரித்துவிட வேண்டும், துளைப்பான் புழு வெட்டிப் போட்ட கட்டைக்குள்ளும் இருக்கும்.

மற்ற குப்பையைக் கொளுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு ஒரு தீப்பெட்டி போதும், மெஷினே வேண்டாம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டன, அதே வருஷம் பசுமைத் தீர்ப்பாயம் கொளுத்துகிறவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் சொன்னது. அதையெல்லாம் விடுங்கள். பங்குனி வெயிலில் எங்கள் செம்மண் மேட்டில் ஒரு பொறி பறந்தால் சொட்டு நீர் குழாய் மொத்தமும் உருகிவிடும், சித்தப்பா வாயடைத்தது சட்டத்தைக் கேட்டு இல்லை, குழாய் விலையைக் கேட்டுத்தான்.

சரி, சருகு. தோப்புக்குள் மரத்தடியில் விழுந்த சருகுக்கு மெஷினே வேண்டாம். அது விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், அதுதான் இலவச மூடாக்கு. மாமரத்தின் உணவு வேர் மேல் மண்ணிலேயே ஓடுகிறது, அந்த மண் வெயிலில் வேகாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று ரொட்டாவேட்டர் விட்டு மரத்தடியைக் கிளறுகிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேரை வெட்டிவிட்டு உரம் போட்டு என்ன பிரயோஜனம்.

ப்ளோயர் வேண்டியது மூன்று இடத்துக்கு. வீட்டு வாசல், களம். ஓட்டுக் கூரை, மொட்டை மாடித் தண்ணீர் போகும் வழி. அப்புறம் ரோட்டோர வேலி. இந்த மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், ரோட்டில் போகிறவர் பீடியை அணைக்காமல் எறிந்துவிட்டுப் போனால் சருகு வழியாகத் தீ உள்ளே நடந்து வரும். வேலியை ஒட்டி உள்பக்கம் எட்டடி, பத்தடி அகலத்துக்குத் தரை தெரியும்படி சருகை ஊதித் தள்ளி வைத்தால் தீக்கு வழி இல்லை. காட்டுத் தீயின்போது சருகைத் தள்ளி இடைவெளி போட இதே ப்ளோயரை முதுகில் மாட்டிக்கொண்டுதான் வனத்துறை ஆட்கள் போகிறார்கள்.

ஊதுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பனி ஈரம் முழுக்கக் காயும் முன் ஊதினால் சருகு தரையோடு ஒட்டிக்கொள்ளும், மத்தியானத்தில் ஊதினால் சருகைவிட மண்தான் அதிகம் பறக்கும். எட்டரை, ஒன்பது மணி எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது. காற்று அடிக்கிற திசையிலேயே தள்ளுங்கள், எதிர்த்து ஊதினால் எல்லாம் நம் முகத்துக்குத்தான். ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்தாமல் பாதியில் வைத்து, குழாய் வாயைத் தரைக்குப் பக்கமாகச் சாய்த்து, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே போங்கள். முதலிலேயே ஒரு தார்ப்பாயை விரித்து அதன் மேல் போய்ச் சேருகிற மாதிரி ஊதினால் நான்கு மூலையையும் பிடித்து இழுத்துப் போய்விடலாம், மறுபடி கூடையில் அள்ளுகிற வேலை இல்லை. தேக்கு இலை பெரிசு, பட்டம் மாதிரி பறக்கும். புளி இலைதான் சனியன், பொடி இலை, கல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு ப்ளோயரைவிடச் சீமாறே மேல்.

சில ப்ளோயரில் உறிஞ்சித் தூளாக்கிப் பையில் கட்டுகிற வசதியும் இருக்கும். சிமெண்ட் தரைக்கு அது சரி. நம் மண் வாசலில் சருகோடு சேர்ந்து பொடிக்கல்லையும் உறிஞ்சும், உள்ளே சுற்றுகிற விசிறி ப்ளாஸ்டிக்காக இருந்தால் ஒரு வாரம் தாங்காது.

சருகைத் தூளாக்க ஆசைப்பட்டால், மக்குவதற்கு அது நல்லதுதான், முழுத் தேக்கு இலை மக்க எத்தனையோ மாசம் ஆகும், இதற்கென்று தனி மெஷின் வாங்க வேண்டாம். புல் வெட்டுகிற பிரஷ் கட்டர் இருந்தால் போதும். 200 லிட்டர் ப்ளாஸ்டிக் பேரலின் மேல்பக்கத்தை அறுத்துவிட்டு, பாதி வரை காய்ந்த சருகைப் போட்டு, பிரஷ் கட்டரில் நைலான் நரம்பு மாட்டி, உள்ளே இறக்கி மேலும் கீழுமாக ஆட்டினால் இரண்டு நிமிஷத்தில் பொடியாகிவிடும். நரம்பு மட்டும்தான், இரும்பு பிளேடு மாட்டிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. கண்ணாடி போடாமலும் செய்யக் கூடாது, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், தூசி பயங்கரமாகக் கிளம்பும். சருகில் ஈரம் இருந்தால் நரம்பில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும்.

பிரஷ் கட்டர் என்றதும் இன்னொன்று. தோப்பில் புல் வெட்டும்போது அது கல்லைத் துப்பாக்கி மாதிரி அடிக்கும், சுற்றி 15 மீட்டருக்குள் ஆள், ஆடு, கார் கண்ணாடி எதுவும் இருக்க வேண்டாம். சருகு மூடிக் கிடக்கிற சொட்டு நீர் குழாயை அது பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும். பார்த்தீனியம் பூத்திருந்தால் அதை வெட்டி மூடாக்கில் சேர்க்காதீர்கள், அடுத்த மழைக்குத் தோப்பு முழுக்க வெள்ளைப் பூதான்.

இப்போது கிளைக்கு வருவோம், பணமும் ஆபத்தும் இங்கேதான் அதிகம்.

அறுப்பதற்குச் செயின்சா. மாமரம் மெத்து மரம், சின்ன மெஷினே போதும், பெரிசு வாங்கினால் கை வலிதான் மிச்சம். பெட்ரோல் மெஷின் என்றால் ஆயில் கலக்கிற அளவைக் கடைக்காரர் வாய்ச்சொல்லில் நம்பாமல் மெஷின் புத்தகத்தைப் பாருங்கள். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி, டூ ஸ்ட்ரோக் ஆயில்தான், டிராக்டர் ஆயில் இல்லை. செயினுக்கு ஊற்றுகிற ஆயில் வேறு. அதில் எரிந்துபோன கறுப்பு ஆயிலை ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிறது, அந்தக் கசடு ஆயில் வழியை அடைத்து, செயின் ஓடுகிற இரும்புப் பட்டை சூடேறி நீலம் பாய்ந்துவிடும். ஆயில் வருகிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி, ஒரு வெள்ளைப் பேப்பரைத் தரையில் வைத்து, பட்டை நுனியை அதன் பக்கம் காட்டி, தொடாமல், ஆக்ஸிலேட்டர் கொடுங்கள், பேப்பரில் கோடாக ஆயில் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் அறுக்காதீர்கள்.

செயின் கூர் போய்விட்டதா என்பதைத் தூளைப் பார்த்தே சொல்லலாம். சிராய் சிராயாக விழுந்தால் கூர் இருக்கிறது, மாவு மாதிரி விழுந்தால் அரம் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. அமுக்கி அமுக்கி அறுக்கிறவர்கள் எல்லோரும் மொட்டைச் செயினோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான்.

கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் பாரம் தாங்காமல் அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் மரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து கால்வாசி அறுங்கள். அப்புறம் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கீழே விடுங்கள். மிச்சம் நிற்கிற துண்டை, கிளை மரத்தோடு சேருகிற இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தை விட்டுவிட்டு அதை ஒட்டி அறுங்கள், அந்த வளையம் இருந்தால்தான் காயம் மூடும். வெட்டு வாயில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசையோ காப்பர் ஆக்ஸி குளோரைடைக் குழைத்தோ பூசிவிடுங்கள்.

செயின் ஓடுகிற பட்டை நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தைப் பார்த்து எகிறும். இரண்டு கையாலும் பிடித்திருந்தால்கூட எகிறும். அதனால் தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள், ஏணியில் ஏறிக்கொண்டும் அறுக்காதீர்கள். உயரத்துக் கிளைக்கு நீளக் கொம்பு வைத்த ரம்பம் இருக்கிறது, இல்லையென்றால் பழகிய ஆள் கை ரம்பத்தோடு ஏறட்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் எதுவும் செய்யாமல் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, மாம்பால் சிலருக்குத் தோலைப் பொத்துவிடும், எனக்கு முழங்கை வரை கொப்புளம் வந்திருக்கிறது, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

அடுத்தது தூளாக்கும் மெஷின், ஷ்ரெடர் என்றால்தான் கடையில் புரியும். வாங்கலாமா, வாடகைக்கா? இரண்டு, மூன்று ஏக்கர் தோப்புக்கு வாங்காதீர்கள், வருஷத்தில் மூன்று நாள் வேலைக்கு மிச்ச நாளெல்லாம் துருப்பிடிக்கும். கவாத்தை நான்கைந்து தோப்புக்காரர்கள் பேசிவைத்து அடுத்தடுத்து முடித்துக்கொண்டால், டிராக்டரில் ஓடுகிற பெரிய மெஷினை ஒரே நடையில் வரவழைத்துவிடலாம். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள், தென்னை மட்டை துகளாக்குகிற கருவி வாடகைக்கு இருந்தால் மாமிலாறையும் அது பார்த்துக்கொள்ளும், உழவன் செயலியிலும் வாடகைக்குப் பதிவு செய்யலாம். வாங்கியே தீருவேன் என்றால் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதமும், சிறு குறு விவசாயி, பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதமும் மானியம் உண்டு, அதற்கும் ஒரு உச்சவரம்பு இருக்கும். மெஷினை வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது, முதலில் விண்ணப்பம்.

மெஷின் வந்தபிறகு என்ன செய்வது. வெட்டி ஒரு வாரத்துக்குள் விடுங்கள். பச்சைக் கிளையை பிளேடு வெண்ணெய் மாதிரி வாங்கும், இரண்டு மாசம் காய்ந்த கிளை, அதுவும் புளியங்கொம்பு, பிளேடைத் தின்றுவிடும். நான் அடி மட்டையை ஒரே திசையில் அடுக்கச் சொன்னது இதற்குத்தான், மட்டைப் பக்கத்தை முதலில் விட்டால் தானாக இழுத்துக்கொள்ளும், நுனியை முதலில் விட்டால் கவட்டைக் கிளை வாயில் மாட்டிக்கொண்டு நிற்கும். விட்டதும் கையை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள், நேர் எதிரில் நின்றால் கிளை துள்ளி முகத்தில் அடிக்கும். கடைசித் துண்டைக் கையால் தள்ளாதீர்கள், அடுத்த கிளையை விட்டால் அது இதைத் தள்ளிக்கொண்டு போகும். வெறும் இலையை மட்டும் விட்டால் சல்லடை அடைக்கும், இரண்டு கிளைக்கு ஒரு கூடை இலை என்று மாற்றி மாற்றி விடுங்கள். தென்னை மட்டையானால் நார் தண்டில் சுற்றும், அவ்வப்போது நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தோளில் துண்டு இருக்கக் கூடாது. வேட்டி, லுங்கி, தொங்குகிற கயிறு, கை விட்டுப்போன பழைய கையுறை, எதுவும் கூடாது. சேலையோடு வருகிற அக்காமார்களை மெஷின் வாய்ப் பக்கம் நிறுத்தாமல் கிளை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நிறுத்துங்கள், முந்தானையைச் செருகிக்கொண்டாலும் சரி. அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, சக்கரம் சுற்றி நிற்கும் வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும். டிராக்டர் என்றால் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

எங்களுக்கு நடந்தது கையில் இல்லை, கயிற்றில். காய்ப் பாரம் தாங்காத கிளைகளை வைகாசியில் நைலான் கயிறு போட்டு மேல்கிளையோடு இழுத்துக் கட்டியிருந்தோம். கவாத்தில் அந்தக் கிளையே வெட்டுப்பட்டு, கயிற்றோடு குவியலில் கிடந்திருக்கிறது. பச்சை இலைக்குள் பச்சைக் கயிறு, யாருக்குத் தெரியும். உள்ளே போன நொடியில் தண்டில் சுற்றி, உருகி, ப்ளாஸ்டிக் கட்டியாக இறுகிவிட்டது. கத்தியும் உளியும் வைத்து அதைச் செதுக்கி எடுக்க மூன்று மணி நேரம், மெஷின்காரத் தம்பி ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் வாடகைக் கணக்கில் அந்த மூன்று மணி நேரமும் இருந்தது. வேலிக் கம்பி, ஆணி, வேரோடு வந்த மண், கல், எல்லாம் இதே கணக்குத்தான். சீமைக்கருவேல முள்ளையும் மூடாக்குக்கு என்று தூளாக்காதீர்கள், முள் எவ்வளவு பொடியானாலும் வெறுங்காலுக்கு முள்தான்.

விரல் மொத்த மிலாறு கொஞ்சமாகத்தான் இருக்கிறது, அதற்கு ஒரு ஷ்ரெடரா என்பவர்கள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷினில் பச்சையாக இருக்கும்போதே விட்டுப் பார்க்கிறார்கள். இலையும் இளங்குச்சியும் போகும். காய்ந்த குச்சி போகாது, பிளேடு எகிறும். உருளை இழுக்கிற மெஷினில் கையும் கிளையும் ஒன்றுதான், பின்பக்கம் தள்ளுகிற லீவர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வழி பிடிக்காது, அவசரத்துக்குச் சொல்கிறேன்.

காது. ப்ளோயர், செயின்சா, ஷ்ரெடர் மூன்றுமே 85 டெசிபலைத் தாண்டும், அந்தச் சத்தத்தில் நாள் முழுக்க நின்றால் காது போகும், அதுவும் மெதுவாகப் போகும் என்பதால் தெரியாது. பஞ்சு வேண்டாம், காது மூடி வாங்குங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் கிடந்த குவியலைக் கையால் அள்ளும் முன் நீளக் கொம்பால் கிளறித் தட்டுங்கள். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் சருகுக்குள் படுப்பது ரொம்பப் பிடிக்கும், நிறமும் அப்படியே சருகு நிறம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தூளை என்ன செய்வது? மரத்தடியில் மூன்று, நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி. மரத்தோடு ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும், கரையானும் ஏறும். வீட்டுச் சுவர் ஓரத்திலும் போட வேண்டாம், கரையானுக்கு நாமே பந்தி வைத்த மாதிரி. பச்சைத் தூளை மண்ணோடு கலந்து உழுதுவிடாதீர்கள், மரத்தூளில் கரிமச் சத்து அதிகம், அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. எருவாக்க வேண்டுமென்றால் தூள் ஒரு அடுக்கு, பச்சை இலை ஒரு அடுக்கு, நடுவில் சாணிக் கரைசல் என்று நான்கடி உயரத்துக்குப் போடுங்கள், உள்ளே கை வைக்க முடியாத சூடு வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை புரட்டுங்கள். பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் வருகிற ஈரம் போதும். தென்னை பக்கத்தில் இருந்தால் புரட்டும்போது வெள்ளைப் புழுவைத் தேடுங்கள், காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது இந்த மாதிரி எருவில்தான், கிடைத்ததைக் கோழிக்குப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் பிளேடில் ஒட்டின மாம்பாலை அன்றைக்கே டீசல் துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். டாங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், வடித்துவிட்டு கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். அப்புறம் சைலன்சர் வாயையும் ப்ளோயர் குழாயையும் ஒரு துணி வைத்து அடைத்து வையுங்கள், துணி இருக்கிறது என்று மேலே எழுதியும் ஒட்டுங்கள். போன ஆடியில் எங்கள் செயின்சா எவ்வளவு இழுத்தும் கிளம்பவில்லை, பிளக் மாற்றி, கார்புரேட்டர் கழற்றி, மெக்கானிக்குக் காசும் கொடுத்தபிறகு பார்த்தால், சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது.